9 லட்சம் கட்டி டைரக்‌ஷன் படிக்கலாமா?

கேள்வி:

எனக்கு 22 வயது. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். விஸ்காம் முடித்து ஓராண்டாகிறது. இரண்டு குறும்படம் எடுத்திருக்கிறேன். இரண்டாவதன் லிங்க்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். டைரக்டர் ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சென்னையில் ஒரு தனியார் திரைப்படப் பள்ளியில் டைரக்‌ஷன் டிப்ளமோவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு ஆண்டு, கட்டணம் 9 லட்சம். தங்குவதும் சாப்பாடும் தனி. அதை எப்படியாவது மாதாமாதம் அனுப்பிவிடுகிறேன் என்கிறார் அப்பா. அம்மாவின் நகையை விற்றால் 3 லட்சம் தேறும். மீதி 6 லட்சத்துக்குக் கல்விக் கடன் வாங்கலாம் என்று யோசனை. அப்பா மின்வாரியத்தில் வேலை பார்க்கிறார், ரிட்டயர்டு ஆக இன்னும் நான்கு ஆண்டுதான். மாமாவோ, "படித்து எவனும் டைரக்டர் ஆனதில்லை, யாரிடமாவது அசிஸ்டென்ட்டாகச் சேர்" என்கிறார். அம்மா, "படிக்கப் போ, அசிஸ்டென்ட் வேலைக்கு மட்டும் அனுப்ப மாட்டேன்" என்கிறார். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முன்பணம் கட்டும் நாள் நெருங்குவதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டணத்துக்கு, இந்தக் கடனை வாங்கி, டைரக்‌ஷன் படிக்க இப்போது சேர வேண்டாம்.

திரைப்படப் பள்ளியே வீண் என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. நான் சென்னை தரமணியில் உள்ள அரசு திரைப்பட நிறுவனத்தில் எடிட்டிங் படித்தேன். அங்கே கற்றதை வைத்துத்தான் இன்றுவரை வீட்டில் அடுப்பு எரிகிறது. எனக்கு உதவியாளர்களாக வந்தவர்களில் பள்ளியில் படித்தவர்களும் உண்டு, படிக்காதவர்களும் உண்டு. இரு தரப்பின் பலமும் பலவீனமும் எடிட் மேசையில் தினமும் தெரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் கணக்கு 9 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. டைரக்டர் ஆக வேண்டும் என்று வருகிறவருக்குப் பெரிய செலவு படிப்பு முடிந்த மறுநாள்தான் ஆரம்பிக்கிறது.

பேப்பரில் போட்டுப் பார்ப்போம். 6 லட்சம் கடனை வங்கி ஆண்டுக்கு 3 லட்சமாகக் கொடுக்கிறது என்று வையுங்கள். வட்டி 10 சதவீதம். வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும். படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது வழக்கமான சலுகை. தவணைக்குத்தான் அந்த விடுமுறை, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் 3 லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 90 ஆயிரம். அடுத்த 3 லட்சத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி 60 ஆயிரம். ஆக, தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் ஏழரை லட்சம். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 9,900 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 11 லட்சத்து 90 ஆயிரம் போயிருக்கும். நகை தனி. சென்னையில் இரண்டு ஆண்டு இருந்த செலவும் தனி. அப்பாவுக்கு ஓராண்டு சர்வீஸ் மிச்சமிருக்கும்போது முதல் தவணை வந்து நிற்கும். மீதி ஒன்பது ஆண்டும் அவருடைய ஓய்வுக்காலத்தில் ஓடும்.

அந்த நேரத்தில் நீங்கள் என்ன வேலையில் இருப்பீர்கள்? பெரும்பாலும் ஓர் உதவி இயக்குநராக. இதைப் பள்ளியின் விளம்பரக் கையேட்டில் போட மாட்டார்கள், ஆனால் நடப்பது இதுதான். டைரக்‌ஷன் டிப்ளமோ வாங்கி வருகிறவர்களில் பெரும்பாலோர் அதன் பிறகு சென்னையில் சினிமா கம்பெனிகள் இருக்கும் சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி, யாராவது ஒரு டைரக்டரிடம் சேரத்தான் அலைகிறார்கள். உங்கள் மாமா இன்றைக்குப் போகச் சொல்லும் அதே வாசலில், இரண்டு ஆண்டு கழித்து, கடனோடு போய் நிற்பீர்கள். படம் நடக்கும்போது ஒரு சம்பளம், ஷூட்டிங் நாளில் பேட்டா. படம் நின்றால் இரண்டும் நின்றுவிடும். ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை மாதக்கணக்கில் கதை டிஸ்கஷன் மட்டும் போகும். அந்த மாதங்களுக்குப் பணம் வருமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இந்த நிலையில் மாதம் 9,900 தவணை ஓர் ஆளை என்ன செய்யும் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கடனோடு வருகிற பிள்ளை ஒன்றிரண்டு படம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். அப்புறம் மாதச் சம்பளம் தேடி கல்யாண வீடியோ, யூடியூப் சேனல், சீரியல் யூனிட் என்று போய்விடும். அந்த வேலைகளில் எந்தக் குறையும் இல்லை, நல்ல தொழிலாளர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் டைரக்டர் ஆக விரும்பியவருக்கு இருக்க வேண்டிய மிகப் பெரிய மூலதனம், வருமானம் ஒழுங்காக இல்லாத சில ஆண்டுகளைத் தாங்கும் சக்தி. கல்விக் கடன் சரியாக அதைத்தான் தின்கிறது.

கடன் பற்றி இன்னொன்று. 7.5 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும் என்பது பொது விதிதான். ஆனால் அது அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு. பல்கலைக்கழக இணைப்பு எதுவும் இல்லாத தனியார் டிப்ளமோ என்றால் பொதுத்துறை வங்கி மேனேஜர் கையெழுத்துப் போடத் தயங்குவார். அப்போது பள்ளியே ஒரு தனியார் நிதி நிறுவனத்தைக் கைகாட்டும். அங்கே வட்டி மேலே சொன்ன கணக்கைவிடக் கூடுதலாக இருக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் ஊர் வங்கியில் பள்ளியின் பெயரையும் படிப்பின் பெயரையும் எழுதிக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

சரி, பள்ளியில் கிடைப்பதுதான் என்ன? உங்கள் குறும்படத்தை வைத்தே சொல்கிறேன், இரண்டு முறை பார்த்தேன். சமையலறையில் அம்மாவும் மகளும் சண்டை போடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரையும் சேர்த்துக் காட்டும் ஷாட்டில் மகள் இடதுபுறம் நின்று வலப்பக்கம் பார்த்துப் பேசுகிறாள். அம்மா வலதுபுறம் நின்று இடப்பக்கம் பார்க்கிறார். அம்மாவின் க்ளோஸ்-அப் எடுக்கும்போது இடம் பற்றவில்லை போலிருக்கிறது, கேமராவைக் கொண்டுபோய் எதிர்ச்சுவரோரம் வைத்துவிட்டீர்கள். அதனால் க்ளோஸ்-அப்பில் அம்மாவும் வலப்பக்கமே பார்க்கிறார். மாற்றி மாற்றி வெட்டியபோது இருவரும் ஒருவரையொருவர் விட்டுவிட்டு, மூன்றாவதாக யாரையோ பார்த்துப் பேசுவதுபோல் ஆகிவிட்டது. சண்டையின் சூடு அந்த இடத்தில்தான் இறங்குகிறது. இறங்கியது உங்களுக்கும் உறைத்திருக்கிறது, காரணம்தான் பிடிபடவில்லை. அதனால் வயலினைக் கூட்டிச் சமாளித்திருக்கிறீர்கள்.

அதே படத்தில் மகள் வெளியே போன பிறகும் காலி வாசலிலேயே கேமராவை விட்டிருக்கிறீர்கள். தெருவில் சைக்கிள் மணி கேட்கிறது. அம்மா நிமிர்ந்து பார்க்கிறார், மறுபடி குனிந்து வெங்காயம் நறுக்குகிறார். அதைச் சுருக்கச் சொல்லிப் பலர் வருவார்கள். சுருக்காதீர்கள். படத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அது.

முதலில் சொன்னது ஆக்ஸிஸ் பிழை, அதாவது பேசும் இருவருக்கும் நடுவே ஓடும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டிவிடுவது. நல்ல பள்ளி அதை ஒரே வாரத்தில் உங்களிடமிருந்து கழற்றிவிடும். விதியைப் போர்டில் எழுதிப் போடுவதால் அது நடக்காது. நீங்கள் எடுத்த காட்சியைத் திரையில் ஓட்டி, வகுப்பு முழுக்க உட்கார்ந்து பார்த்து, "இங்கே ஏன் கேமரா அந்தப் பக்கம் போனது?" என்று ஆசிரியர் கேட்கும்போது நடக்கும். பூனாவில் இருக்கும் மத்திய அரசின் திரைப்பட இன்ஸ்டிட்யூட்டில் (எஃப்.டி.ஐ.ஐ.) வசனக் காட்சிக்கு ஒரு பயிற்சி, பாடலுக்கு ஒரு பயிற்சி, கடைசியில் டிப்ளமோ படம் என்று படிப்படியாக எடுக்க வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் வகுப்புத் தோழர் ஒருவர் கேமரா, ஒருவர் எடிட்டிங், ஒருவர் ஒலி. எடுத்து, காட்டி, திட்டு வாங்கி, மறுபடி எடுப்பது என்ற சுற்று அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். நான் பள்ளிக்கு மதிப்புக் கொடுப்பது இந்தச் சுற்றுக்கும், கூடப் படிக்கும் பேட்ச்சுக்கும்தான். 1986-இல் அடையாறு இன்ஸ்டிட்யூட் (நான் படித்த தரமணி நிறுவனத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள்) மாணவர்கள் கூட்டாகச் சேர்ந்து ‘ஊமை விழிகள்’ எடுத்தபோது கோடம்பாக்கமே திரும்பிப் பார்த்தது. ஒரு தனி டைரக்டரின் சாதனை என்பதைவிட, ஒன்றாகப் படித்த கூட்டத்தின் சாதனை அது.

கருவிகளுக்காகப் பள்ளியில் சேர்வது என்ற காலம் மட்டும் முடிந்துவிட்டது. நான் படிக்கும்போது பாசிட்டிவ் சுருளைக் கையால் வெட்டி ஒட்டிப் பழக வேறு இடமே கிடையாது. இன்று உங்கள் போனில் எடுக்கலாம், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் எடிட் செய்யலாம். ஆகவே ஒரு பள்ளி தன் கேமராப் பட்டியலையும் ஸ்டூடியோ ஃபுளோரையும் காட்டி 9 லட்சம் கேட்டால், அது உங்களுக்கு மிகவும் தேவையானதை விற்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமா சொன்னதற்கு வருகிறேன். பாதி சரி, பாதி தவறு. மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் பூனாவில் படித்தவர். 2024-இல் கான் விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கிய பாயல் கபாடியாவும் அங்கே படித்தவர். நம் பக்கம் பாலு மகேந்திரா அங்கே ஒளிப்பதிவு படித்து வந்தவர். அதே சமயம் பாரதிராஜா கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகாலிடம் உதவியாளராக இருந்தார், பாரதிராஜாவிடம் பாக்யராஜ் இருந்தார், பாக்யராஜிடம் பார்த்திபனும் பாண்டியராஜனும் இருந்தார்கள். தமிழ் சினிமாவின் பெரும்பகுதி இப்படி ஆள் மாற்றி ஆள் கற்றுக்கொடுத்து வந்ததுதான். மணிரத்னம் இரண்டிலும் சேராதவர், மேனேஜ்மென்ட் படித்துவிட்டு வந்தார். கார்த்திக் சுப்புராஜ் போன்றவர்கள் ‘நாளைய இயக்குநர்’ குறும்பட நிகழ்ச்சி வழியாக வந்தார்கள். இதையெல்லாம் வைத்து எந்த வழி சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனால் பாலு மகேந்திராவின் கதையில் உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று இருக்கிறது. பள்ளியில் படித்த அவர், தன் அலுவலகத்தையே ஒரு பள்ளியாக நடத்தினார். பாலா, வெற்றிமாறன், சீனு ராமசாமி எல்லாம் அவரிடம் இருந்தவர்கள். அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவர்கள் திரைப்படப் பள்ளிக்குப் போகாமலே அந்தப் படிப்பின் பெரும்பகுதியைப் பெற்றார்கள். எனவே "பள்ளியா, அசிஸ்டென்ட்டா" என்று கேட்பதைவிட, "எடுத்ததைப் பார்த்து ஏன், எதற்கு என்று கேட்கும் ஆள் எங்கே கிடைப்பார்?" என்று தேடுவது உங்களுக்குப் பயன்படும். சில பள்ளிகளில் அப்படி யாருமில்லை. சில டைரக்டர்களின் ஆபீஸில் இருக்கிறார்கள்.

நீங்கள் கேமரா, ஒலி, எடிட்டிங் என்று கேட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். அவற்றில் பள்ளி தரும் அடிப்படைக்குத் தனி விலை உண்டு. லைட்டை எங்கே வைத்தால் நிழல் எங்கே விழும், மைக்கை எவ்வளவு தள்ளி வைத்தால் குரல் எப்படி மாறும் என்பதையெல்லாம் ஷூட்டிங் ஸ்பாட்டில் நிதானமாகச் சோதித்துப் பார்க்க யாரும் நேரம் தர மாட்டார்கள்; ஒரு நாள் ஷூட்டிங்கின் செலவு அப்படி. பி.சி.ஸ்ரீராமும் ராஜீவ் மேனனும் அடையாறில் படித்தவர்கள், ரசூல் பூக்குட்டி பூனாவில் ஒலி படித்தவர். அதோடு இந்தத் துறைகளில் படித்து முடித்ததும் விளம்பரப் படம், வெப் சீரிஸ், டப்பிங் ஸ்டூடியோ என்று எங்காவது சம்பாத்தியம் தொடங்கிவிடும், கடன் இருந்தாலும் சமாளிக்கலாம். ஒலித்துறையில் நன்றாகப் பயின்ற ஆட்கள் இன்னும் போதுமான அளவு இல்லை என்பது என் அனுபவம், அதிலும் பெண்கள் மிகக் குறைவு. டைரக்‌ஷனுக்கு மட்டும்தான் படிப்புக்கும் முதல் வருமானத்துக்கும் நடுவே இவ்வளவு நீண்ட பள்ளம்.

அடுத்தது, குறைந்த செலவில் படிக்கும் வழிகள். பட்டதாரியான நீங்கள் பூனா எஃப்.டி.ஐ.ஐ.க்கும் கொல்கத்தா சத்யஜித் ரே இன்ஸ்டிட்யூட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். எந்தப் பட்டமானாலும் சரி. எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் நேர்முகத் தேர்வு. டைரக்‌ஷனுக்கு இடங்கள் மிகக் கொஞ்சம். கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி வருகிறது, மாணவர்கள் அதற்காகப் போராடியும் இருக்கிறார்கள். ஆனாலும் நீங்கள் சொல்லும் 9 லட்சத்துக்கு அங்கே கிடைப்பது பல மடங்கு. மூன்றாண்டுப் படிப்பு என்றாலும் சில பேட்ச்சுகளுக்கு அதைத் தாண்டி இழுத்திருக்கிறது, அதையும் மனதில் வையுங்கள். கோட்டயம் பக்கத்தில் கேரள அரசின் கே.ஆர்.நாராயணன் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, திருநெல்வேலியிலிருந்து பூனாவைவிடப் பக்கம். தரமணியில் எங்கள் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் 1945-இல் தொடங்கியது. இப்போது நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டம் தருகிறது. கட்டணம் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு பட்டம் இருக்கிறது, மறுபடி நான்கு ஆண்டு என்பதை யோசியுங்கள், வயது வரம்பையும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வெற்றிமாறன் சென்னையில் தொடங்கிய பயிற்சி நிறுவனம், வசதி குறைந்த பின்னணியிலிருந்து வரும் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்துக் கட்டணமில்லாமல் பயிற்றுவிக்கும் நோக்கம் கொண்டது. அதன் அறிவிப்புகளையும் கவனியுங்கள்.

பூனா, கொல்கத்தா நுழைவுத் தேர்வுக்குத் தயாராவதே ஒரு படிப்பு. படம் பார்த்து அதைப் பற்றி எழுதச் சொல்வார்கள், ஒரு சூழலைக் கொடுத்துக் காட்சி எழுதச் சொல்வார்கள். இடம் கிடைக்காமல் போனாலும் அந்தத் தயாரிப்பு வீண் போகாது. டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போய் வாருங்கள். நெல்லையிலிருந்து ஒரே பஸ். தமிழ்நாட்டிலிருந்து உதவி இயக்குநர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே வருவார்கள். டீக்கடையில் நடக்கும் பேச்சில் யார் எந்தப் படத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு தனியார் பள்ளிதான் என்று முடிவெடுத்தால், உங்களுக்கு இடம் கொடுத்த பள்ளியிடம் சில விஷயங்களைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். இரண்டு ஆண்டில் நான் டைரக்டராக எத்தனை படம் எடுப்பேன்? பத்துப் பேர் சேர்ந்து ஒரு படம் எடுத்தால், அதில் ஒன்பது பேர் டைரக்‌ஷன் கற்கவில்லை. படத்தின் செலவு கட்டணத்துக்குள் வருமா, நான் தனியாகப் போட வேண்டுமா? பல இடங்களில் டிப்ளமோ படத்துக்கு மாணவர்தான் செலவழிக்க வேண்டும், அது இன்னொரு லட்சம், இரண்டு லட்சம். வாராவாரம் வகுப்பெடுப்பவர் யார்? போஸ்டரில் இருக்கும் பெரிய டைரக்டர் வருடத்துக்கு ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போவதை ஆசிரியர் என்று கணக்கில் வைக்க முடியாது. கடந்த மூன்று பேட்ச்சின் மாணவர் படங்களை முழுதாகப் பார்க்கக் கேளுங்கள், அவர்கள் பொறுக்கிக் காட்டும் டிரெய்லரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நடுவில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், அங்கே படித்து முடித்த மூன்று பேரையாவது நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள், பள்ளி தரும் நம்பர்களை நம்பி இருக்காதீர்கள். படித்து முடித்து மூன்று ஆண்டு ஆனவர்களாக இருந்தால் நல்லது, அவர்களால் மனம் திறந்து பேச முடியும்.

இனி அம்மா. அவர் பயத்தைப் பழமைவாதம் என்று நீங்கள் ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கையைப் பற்றி அவரும் டிவியில் பார்த்திருப்பார். அது கேரளத்தைப் பற்றியது என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆனால் வீட்டுக்கு வண்டி உண்டா, அவுட்டோரில் தனி அறை உண்டா, லொகேஷனில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சினிமா கம்பெனிக்கும் அது பொருந்தும், திரைப்படப் பள்ளிக்கும் பொருந்தும். இரண்டு இடத்திலும் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம். பள்ளி என்பதாலேயே பத்திரம் என்று அம்மா நினைக்கிறார், அதுவும் முழுக்க உண்மையில்லை.

பெண்கள் ஏற்கெனவே இருக்கும் டைரக்‌ஷன் டீமாகத் தேடுங்கள். சுதா கொங்கரா மணிரத்னத்திடம் பல ஆண்டு உதவியாளராக இருந்து வந்தவர். ஹலிதா ஷமீம் புஷ்கர்-காயத்ரியிடம் இருந்தவர். இன்று வெப் சீரிஸ், விளம்பரப் பட டீம்களில் ஐந்தாறு பேரில் இரண்டு மூன்று பெண்களைச் சாதாரணமாகப் பார்க்கிறேன். முதல் அடியாக எடிட் அறையில் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். ஒரே இடத்தில் வேலை, மாதச் சம்பளம் வர வாய்ப்பு அதிகம், அம்மா வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அதைவிட முக்கியம், பத்து டேக்கில் டைரக்டர் எதை ஏன் எடுக்கிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். உங்கள் சமையலறைக் காட்சியில் நடந்தது மாதிரி நூறு காட்சிகள் அங்கே கண்முன் வரும்.

டைரக்‌ஷன் டீமில் ஆள் எடுக்கும்போது என்ன பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். தலைமுறை மாறிவிட்டது, கதை ஃபைலோடு வந்து நிற்பவர்கள் ஆயிரம் பேர். காட்சியைப் பிரித்து எந்த நாள் எந்த நடிகர், எந்த இடம், என்ன சாமான் வேண்டும் என்று எக்ஸெல்லில் ஷெட்யூல் போடத் தெரிந்தவர், டயலாக் பேப்பரைத் தமிழில் பிழையில்லாமல் வேகமாக டைப் செய்பவர், கன்டினியூட்டி பார்க்கும் கண் உள்ளவர் உடனே வேலைக்குத் தேவைப்படுகிறார். ஹீரோவின் சட்டைக் கை எத்தனை மடிப்பு இருந்தது, டீ கிளாஸ் எந்தக் கையில் இருந்தது, அதில் டீ எவ்வளவு மிச்சமிருந்தது என்று அசிஸ்டென்ட் ஒழுங்காகக் குறித்து வைக்காவிட்டால், அந்தப் பிழை நேராக என் மேசைக்குத்தான் வருகிறது. நல்ல டேக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுமாரான டேக்கை வைக்க வேண்டியிருக்கிறது. இந்த வேலைகளை ஊரில் இருந்தபடியே பழகலாம். பார்த்த ஒரு படத்தின் பத்துக் காட்சிகளை எடுத்து நீங்களே ஷெட்யூல் போட்டுப் பாருங்கள். விண்ணப்பிக்கும்போது அதையும் குறும்பட லிங்க்கையும் சேர்த்து அனுப்புங்கள்.

கடைசியாகப் பணம். சென்னையில் நீங்கள் தங்கும் செலவை இரண்டு ஆண்டுக்கு மாதாமாதம் அனுப்ப அப்பா தயாராக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்கள் ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 12 முதல் 14 ஆயிரம் ஆகலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதியில் இடம் கிடைத்தால் குறையும். பள்ளிக்காக அனுப்பவிருந்த அந்தப் பணத்தை, உதவியாளராக இருக்கும் இரண்டு ஆண்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வேலை கிடைத்துக் கொஞ்சம் சம்பளம் வந்தால் அதே பணம் மூன்று ஆண்டு தாங்கும். அம்மாவின் நகை பீரோவிலேயே இருக்கட்டும். பூனாவிலோ கொல்கத்தாவிலோ இடம் கிடைத்தால் அப்போது அதைத் தொடலாம், அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

தனியார் பள்ளிக்கு நாளைக்கே போன் செய்து, கட்டணச் சலுகை உண்டா என்று நேராகக் கேளுங்கள். சில பள்ளிகள் குறும்படத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கும், உங்கள் படம் காட்டத் தகுந்த படம்தான். 9 லட்சம் 3 லட்சமாக இறங்கி, மேலே சொன்ன கேள்விகளுக்கும் நேரான பதில் வந்தால், என் கணக்கும் மாறும். அப்படி ஏதாவது நடந்தால் அவர்கள் தரும் கடிதத்தின் நகலோடு மறுபடி எழுதுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.